குடல் அழற்சி உள்ள மகனுக்கு நார்ச்சத்து கொடுக்கலாமா?

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். மகனுக்கு 26 வயது. எட்டு மாதத்துக்கு முன்பு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், அதாவது பெருங்குடல் அழற்சி என்று கண்டுபிடித்தார்கள். ரத்தமும் சளியுமாகப் போய்க்கொண்டிருந்த நாட்களில் நார்ச்சத்தைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னார். இப்போது மாத்திரையில் அடங்கியிருக்கிறது. மாமியார், "வாழைத்தண்டும் பழையதும் குடு, குடலு ஆறிரும்" என்கிறார். மகன் ஆன்லைனில் இனுலின் என்ற நார்ச்சத்துப் பொடி ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறான். "இதில் யார் சொல்வது சரி? சின்ன வயதில் காய்கறி ஊட்டி வளர்க்காத என் தப்பா இது?" என்று முடித்திருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருக்கும். இல்லை அக்கா, உங்கள் தப்பு இல்லை. நாகர்கோவிலில் இருபது வருடமாக உணவு ஆலோசனை சொல்லி வருகிறேன். இந்த நோயோடு வரும் பிள்ளைகளின் அம்மாக்கள் பலர் இதையே கேட்டு அழுதிருக்கிறார்கள். பரம்பரைக் கூறு, உடலின் எதிர்ப்பு மண்டலம், குடலில் குடியிருக்கும் பாக்டீரியா, வளர்ந்த சூழல் எல்லாம் சேர்ந்து வரும் நோய் இது. ஒன்றைத் தின்றதாலோ தின்னாததாலோ மட்டும் வருவதில்லை.

சாப்பாட்டின் மேல் பழியைப் போடுவது நம் ஊரில் முன்பும் நடந்திருக்கிறது. எவரெஸ்ட் ஏறப் போன ஹோவர்ட் சாமர்வெல், 1922 பயணம் முடிந்து தென்னிந்தியா பக்கம் வந்தவர், நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே வேலை செய்ய முடிவெடுத்தார். அன்றைய தென் திருவிதாங்கூரில் சிறுகுடலின் தொடக்கத்தில் வரும் புண் மிக அதிகம். அவர் ஏராளமானவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார், அதைப் பற்றிக் கட்டுரைகளும் எழுதினார். காரணம் தேடியவர்களின் சந்தேகம் பெரிதும் ஏழைகளின் சாப்பாட்டின் மேல்தான் விழுந்தது. 1982-இல் ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்த பிறகுதான் அந்தப் புண்ணுக்குப் பெரிய காரணம் எது என்று தெரிந்தது. 2005-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. தம்பிக்கு, அதாவது உங்கள் மகனுக்கு, வந்திருப்பது வேறு நோய். ஆனாலும் பழியைச் சட்டென்று அடுக்களையில் கொண்டுபோய் வைக்காதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சரி, நாருக்கு வருவோம். நார் என்ற சொல்லே நம்மைக் குழப்புகிறது. கேட்டதும் வாழைத்தண்டில் விரலில் சுற்றி எடுக்கிற நூலும், பனங்கிழங்கை உரிக்கும்போது வருகிற நாரும்தான் கண்முன் வரும். மட்டி வாழைப்பழத்தில் நூல் எங்கே இருக்கிறது? ஓட்ஸ் கஞ்சியில் எங்கே இருக்கிறது? அவற்றிலும் நார்ச்சத்து உண்டு. நம்முடைய சிறுகுடலால் செரிக்க முடியாமல் பெருங்குடல் வரைக்கும் போய்ச் சேருகிற மாவுப் பொருள் எல்லாமே மருத்துவக் கணக்கில் நார்ச்சத்துதான்.

உங்கள் பக்கத்தில் கதம்பையை ஊறப்போட்டுக் கயிறு திரித்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். தேங்காய் மட்டையை, அதாவது கதம்பையை, காயல் தண்ணீரில் மாதக்கணக்கில் மூழ்க வைப்பார்கள். தண்ணீரில் உள்ள பாக்டீரியா, நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பசையைத் தின்றுவிடும். லிக்னின் என்ற மரப்பொருளால் இறுகிய நாரை அதனால் தின்ன முடியாது. அதனால்தான் அடித்து எடுக்கும்போது நார் தனியாக வருகிறது. பெருங்குடலுக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். பெக்டின், செரிக்காத மாவு, பயறில் உள்ள சிறு சர்க்கரைகள் எல்லாம் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. தண்டின் நூல், கீரைக்காம்பு, பழத்தோல், விதை இவற்றில் உள்ள முரட்டு நாரை அவை அவ்வளவாகத் தொடுவதில்லை, அது அப்படியே வெளியே போகும். மலத்தைத் திரட்டித் தள்ளுவதற்கு அது உதவும். ஆனால் குடலின் அழற்சியோடு நேரடியாகப் பேசுவது முதல் வகைதான். கதம்பைக் குழியின் பக்கம் போனால் அழுகின முட்டை வாடை அடிக்குமே, அந்த ஹைட்ரஜன் சல்பைடும் குடலில் கொஞ்சம் உண்டாகிறது.

நம் உடலில் இந்த மாவுப் பொருள்களை வெட்டுவதற்கு இருபதுக்கும் குறைவான நொதிகள்தான் உண்டு. பாக்டிராய்ட்ஸ் தீட்டாஅயோட்டாமைக்ரான் என்ற ஒரே ஒரு குடல் பாக்டீரியாவிடம் 250-க்கு மேல் இருக்கின்றன. ஒருவர் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருக்கும் என்று 2016-இல் கணக்கிட்டார்கள். எல்லாம் சேர்ந்தாலும் எடை கால் கிலோ கூட வராது. அவற்றுக்குள் வேலைப் பங்கீடு உண்டு. கூட்டு வேலையில் ஒருவர் பாரையில் தேங்காய் உரிக்க, இன்னொருவர் உடைக்க, வேறொருவர் துருவுகிற மாதிரி. ரூமினோகாக்கஸ் புரோமி என்பது கடினமான மாவை உடைத்துப் போடும். சிதறியதைப் பிடித்து பிஃபிடோபாக்டீரியா அசிடேட், லாக்டேட் என்ற சிறு பொருள்களைச் செய்யும். அதை எடுத்து ஃபீக்கலிபாக்டீரியம் போன்றவை பியூட்டிரேட் செய்யும். இந்தச் சங்கிலியில் ஒருவர் இல்லாவிட்டால் அடுத்தவருக்கும் வேலை இல்லை. குடல் அழற்சி உள்ளவர்களிடம் ஃபீக்கலிபாக்டீரியம் குறைந்து போயிருப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

இந்தப் பியூட்டிரேட் என்ற சிறிய கொழுப்பு அமிலத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பெருங்குடலின் உள்சுவர் செல்கள் தங்களுக்கு வேண்டிய ஆற்றலில் சுமார் 70 சதவீதத்தை இதிலிருந்துதான் எடுக்கின்றன. இதை எரிக்கும்போது அந்தச் செல்கள் ஆக்சிஜனைச் செலவழித்துவிடுகின்றன. அதனால் குடலுக்குள் ஆக்சிஜன் கசிவதில்லை. அங்கே வாழும் நல்ல பாக்டீரியாவில் பெரும்பாலானவை ஆக்சிஜன் பட்டால் செத்துப்போகும். ஆக்சிஜன் இருந்தால் கொழுத்துப் பெருகுவது ஈ.கோலை வகையறாக்கள். ஆக, பியூட்டிரேட் குறைந்தால் சுவர் பசியில் வாடும், ஆக்சிஜன் உள்ளே கசியும், வேண்டாத கூட்டம் பெருகும், அழற்சி கூடும். அழற்சி கூடினால் பியூட்டிரேட் செய்கிறவை இன்னும் குறையும். இப்படி ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும்.

அப்புறம், எதிர்ப்பு மண்டலத்தில் "போதும், சண்டையை நிறுத்து" என்று சொல்கிற ஒரு வகை டி-செல்கள் உண்டு. பியூட்டிரேட் போன்ற சிறிய கொழுப்பு அமிலங்கள் அந்த வகைச் செல்கள் பெருக உதவுகின்றன என்று 2013-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் எலிகளில் காட்டின. பியூட்டிரேட் என்ற பெயர் வெண்ணெயிலிருந்து வந்தது. நெய்யிலும் அது கொஞ்சம் இருக்கிறது. அதை வைத்துத்தான் "காலையில் இரண்டு ஸ்பூன் நெய், குடல் அழற்சி போகும்" என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். நெய்யில் உள்ளதைச் சிறுகுடலே உறிஞ்சிவிடும். தம்பியின் புண் இருக்கிற பெருங்குடலுக்கு அது போய்ச் சேராது. அங்கே வேண்டுமானால் அங்கேயே செய்தாக வேண்டும், செய்வது பாக்டீரியாதான்.

நார் வராவிட்டால் அந்தப் பாக்டீரியா என்ன செய்யும்? 2016-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் செய்த ஒரு சோதனையை மறக்க முடியாது. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குள் மனிதக் குடலில் வாழும் 14 வகைப் பாக்டீரியாவைக் குடியேற்றி, சிலவற்றுக்கு நாரில்லாத தீனி கொடுத்தார்கள். பட்டினி கிடந்த பாக்டீரியா குடல் சுவரின் மேல் இருக்கும் சளிப் படலத்தைத் தின்னத் தொடங்கியது. அந்தச் சளி நம் உடலே செய்கிற காப்பு. கிருமிக்கும் சுவருக்கும் நடுவே அதுதான் வேலி. வேலி மெலிந்த எலிகளுக்கு ஒரு குடல் கிருமியைக் கொடுத்தபோது அவை கடுமையான அழற்சியில் வீழ்ந்தன. அது எலி, நாம் மனிதர் என்பது உண்மைதான். ஆனாலும் வருடக்கணக்கில் "நார் தொடாதே" என்று இருப்பது ஏன் எனக்குப் பயமாக இருக்கிறது என்பது இதில் புரியும்.

மனிதர்களில் செய்ததும் உண்டு. 2015-இல் வெளியான ஒரு ஆய்வில், நகரத்து ஆப்பிரிக்க-அமெரிக்கர் 20 பேரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் 20 பேரும் இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்களின் நார்ச்சத்து நாளுக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமாக ஏறியது. கிராமத்தாருக்கு 66-இலிருந்து 12-க்கு இறங்கியது. நார் ஏறியவர்களின் குடல் சுவரில் அழற்சியின் அடையாளங்கள் குறைந்தன, பியூட்டிரேட் கூடியது. மற்றவர்களுக்கு நேர் எதிராக நடந்தது. கொழுப்பின் அளவும் கூடவே மாறியது என்பதால் எல்லாப் பெருமையும் நாருக்கே என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும் இரண்டே வாரத்தில் இவ்வளவு.

இதுவரை படித்தால் மாமியார் பக்கம்தான் நியாயம் என்று தோன்றும். மறுபக்கமும் இருக்கிறது. 2021-இல் ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நாரையும் மறு பாதிக்குத் தயிர் போன்ற புளித்த உணவுகளையும் பத்து வாரம் கூட்டினார்கள். புளித்த உணவு சாப்பிட்டவர்களுக்கு ரத்தத்தில் அழற்சிப் புரதங்கள் பல குறைந்தன. நார் சாப்பிட்டவர்களுக்கு ஆளுக்கு ஒரு மாதிரி. தொடக்கத்திலேயே குடலில் பலவகைப் பாக்டீரியா இருந்தவர்களுக்கு நன்மை தெரிந்தது, வகை குறைந்திருந்தவர்களில் சிலருக்கு அழற்சி கொஞ்சம் கூடவும் செய்தது. உரிக்கவும் உடைக்கவும் ஆள் இல்லாத வீட்டில் தேங்காயைக் கொண்டுவந்து குவித்தால் என்ன ஆகும்?

தம்பியின் டப்பாவுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது 2023-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. குடல் அழற்சி நோயாளிகளின் குடலிலிருந்து எடுத்த சிறு திசுக்களில் இனுலின் வகை நார்களைப் போட்டுப் பார்த்தார்கள். பாக்டீரியா அவற்றைச் செரித்து முடித்தால் தொந்தரவு இல்லை. செரிக்காமல் அப்படியே நின்றால், சிலருடைய எதிர்ப்புச் செல்கள் அந்த நாரையே எதிரியாக எடுத்துக்கொண்டு அழற்சியைக் கூட்டின. நோய் தீவிரமாக இருந்தவர்களிடம் செரிக்கும் பாக்டீரியா குறைவு. அதனால் என் கருத்து உறுதியானது: அந்தப் பொடி வேண்டாம். இப்போது அடங்கியிருந்தாலும் வேண்டாம். சின்ன உள்ளியிலும் (சின்ன வெங்காயம்) பூண்டிலும் கோதுமையிலும் இதே வகை நார் இருக்கிறது. அதற்காக உள்ளித் தீயல் குழம்புக்குப் பயப்பட வேண்டாம், சோற்றோடு இரண்டு கரண்டி தீயலில் வருவது சிறிய அளவு. பொடியில் ஒரே மடக்கில் பத்து கிராம் உள்ளே போகும்.

ஆக, மருத்துவர் சொன்னது அந்த நேரத்துக்குச் சரி. புண் சிவந்து ரத்தம் கசியும்போது முரட்டு நார் உரசும், வாயு கூடும், வலி கூடும். குடல் எங்காவது சுருங்கியிருந்தால் இன்னும் கவனம் தேவை. குடல் அழற்சியின் இன்னொரு வகையான கிரோன் நோயிலும், குடல் காசநோயிலும் இந்தச் சுருக்கம் வரலாம், நம் நாட்டில் இந்த இரண்டையும் பிரித்து அறிவதே சிரமம். சுருக்கம் உள்ளவருக்கு வாழைத்தண்டு, பனங்கிழங்கு, கீரைக்காம்பு போய் அடைத்து, குடல் அடைப்பில் கொண்டுபோய் விட்டுவிடும். தம்பிக்குச் சுருக்கம் ஏதும் இல்லை என்று கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) அறிக்கையில் எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்கு முன் வாழைத்தண்டு வேண்டாம். மாமியாரிடம் நல்ல முறையில் சொல்லுங்கள், அவர் பாசத்தில் சொல்வது.

பழையதைப் பற்றியும் உண்மையைச் சொல்கிறேன். சோறு ஆறும்போது மாவில் ஒரு பகுதி இறுகி, செரிக்காத மாவாக மாறுகிறது. ஆனால் அளவு சிறியது. இந்தோனேசியாவில் 2015-இல் அளந்தபோது 100 கிராம் சூடான வெள்ளைச் சோற்றில் 0.64 கிராம் இருந்தது. பத்து மணி நேரம் வெளியே வைத்தபோது 1.30 ஆனது. ஒரு நாள் குளிரில் வைத்துச் சூடாக்கியபோது 1.65 ஆனது. இரட்டிப்பாவது உண்மை, மருந்தாவதற்கு அது போதாது. தம்பி அசதயோபிரின் போல எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை எடுக்கிறார் என்றால், நம் ஊர் வெக்கையில் இரவெல்லாம் வெளியே இருந்த சோறு ஆபத்தும் கூட. ஆறிய சோற்றை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் நன்றாகச் சூடாக்கிக் கொடுங்கள்.

செரிக்காத மாவின் சக்தியை நம் தமிழ்நாட்டிலேயே அழகாகக் காட்டியிருக்கிறார்கள். வேலூர் சிஎம்சியில் பி. எஸ். ராமகிருஷ்ணா குழுவினர், காலரா நோயாளிகளுக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலில் செரிக்காத மக்காச்சோள மாவைச் சேர்த்துப் பார்த்தார்கள். வயிற்றுப்போக்கு குறைந்தது. 2000-இல் அது வெளியானது. பெருங்குடல் பாக்டீரியா அந்த மாவிலிருந்து செய்த கொழுப்பு அமிலங்கள், உப்பையும் தண்ணீரையும் குடல் திரும்ப உறிஞ்ச உதவின என்பதே அதன் அடிப்படை. அடுத்த வருடம் வங்கதேசத்தில், வயிற்றுப்போக்கு நிற்காத குழந்தைகளுக்கு வேகவைத்த பச்சை வாழைக்காய் கொடுத்தும் பலன் பார்த்தார்கள். ஏத்தங்காயை, அதாவது நேந்திரங்காயை, உலர்த்திப் பொடித்துக் கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிற நம் பாட்டிமார் நினைவுக்கு வருகிறார்கள்.

மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) நிறையச் சாப்பிட்டால் நார்ச்சத்து கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். நூறு கிராமில் இரண்டு கிராம் கூட இல்லை. வெள்ளைச் சோற்றில் அரை கிராமுக்கும் குறைவு. வேகவைத்த சிறுபயறில் ஏழரை கிராம் இருக்கிறது! பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து உணவிலிருந்தே வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. நம் வீட்டுக் கஞ்சியும் பயறும் துவரனும் அதற்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள். துவரனில் விழுகிற தேங்காய்த் துருவலிலும் நூறு கிராமுக்கு ஒன்பது கிராம் உண்டு. பால் பிழிந்து சக்கையைக் கொட்டினால் அதையும் சேர்த்துக் கொட்டுகிறோம்.

எங்கே தொடங்குவது? முதல் வாரம் நன்றாகக் கனிந்த மட்டிப் பழம் தினம் ஒன்று. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மட்டிதான், கைக்குழந்தைக்கே கொடுக்கிற பழம். கூடவே தோல் சீவிக் குழைய வேகவைத்த தடியங்காய் (நீர்ப்பூசணி), பூசணி, கேரட். வீட்டில் உறைய வைத்த தயிர் ஒத்துக்கொண்டால் ஒரு கப். வயிறு அமைதியாக இருந்தால் அடுத்த வாரம் வேகவைத்த ஏத்தங்காய், பிறகு தோல் நீக்கிய சிறுபருப்பு. முழுப் பயறு கடைசியில், இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழைய வேகவைத்து, இரண்டு ஸ்பூனிலிருந்து. வாயு கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம். வலியோ ரத்தமோ வந்தால் அங்கேயே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். சம்பா அரிசியும் கீரையும் அதற்கும் பிறகு.

பொடி ஏதாவது வேண்டும் என்று தம்பி பிடிவாதம் பிடித்தால் இனுலினை விட ஈசப்கோல் மேல். அது குடலில் மெதுவாகப் புளிக்கும், வாயு குறைவு, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 1999-இல் ஸ்பெயினில், நோய் அடங்கியிருந்த 105 பேரிடம் அதே செடியின் விதையை, இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மெசாலமின் மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருடத்தில் இரண்டும் ஏறக்குறைய சமமாகவே நோயைத் தடுத்தன. ஆனால் அது சிறிய ஆய்வு, யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது. அதை நம்பி மாத்திரையை விட்டுவிடக் கூடாது. கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன் அக்கா, மாத்திரையை மட்டும் நிறுத்த விடாதீர்கள். உடம்பு நன்றாக இருக்கிறது என்று நிறுத்திவிட்டு மறுபடி ரத்தத்தோடு வந்த பிள்ளைகளைப் பார்த்து மனசு நொந்திருக்கிறேன்.

இதையெல்லாம் தொடங்கும் முன் ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தை அளப்பார்கள், நாகர்கோவிலில் மாதிரி கொடுத்தால் சில நாளில் முடிவு வரும். கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாக அழற்சி அடங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 250-ஐத் தாண்டினால் வெளியே தெரியாவிட்டாலும் உள்ளே புகைகிறது, அப்போது பயறு காத்திருக்கட்டும். முடிவு வந்ததும் மருத்துவரிடம் காட்டிவிட்டு அந்த எண்ணையும், தம்பி இப்போது எடுக்கும் மாத்திரைகளின் பெயரையும் எனக்கு எழுதுங்கள். எந்த வாரம் எதைச் சேர்ப்பது என்று நாள் போட்டு எழுதித் தருகிறேன்.